இரண்டு ஆன்டெனா, ஒரே திசை: கால் அலைக் கேபிளின் வித்தை

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி நிலையம்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "7 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு செங்குத்து ஆன்டெனாக்களைக் கால் அலைநீள இடைவெளியில் நட்டேன். ஒன்றுக்கு நேரடி இணைப்பு, மற்றதற்குக் கூடுதலாக ஒரு கால் அலைக் கேபிள். ஆனாலும் பின்பக்கத்துச் சிக்னல் குறையவே இல்லை. ஏன்?"

தத்துவம் பள்ளி இயற்பியல்தான். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர், கால் அலை 10.5 மீட்டர். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கொண்டால் கால் அலை 90 டிகிரி. இரண்டாவது ஆன்டெனாவின் மின்னோட்டம் முதலாவதைவிட 90 டிகிரி பிந்தட்டும். முதலாவதிலிருந்து கிளம்பும் அலை அங்கே போய்ச் சேரவும் 90 டிகிரி பிடிக்கும். ஆக முன்பக்கம் இரண்டும் கைகோத்துப் போகின்றன. பின்பக்கம் பிந்தலும் பயணமும் சேர்ந்து 180 டிகிரி ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூன்று ஆன்டெனாக்களை வைத்து இப்படி அலைக்குத் திசை கொடுக்கலாம் என்று கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் 1905இலேயே செய்து காட்டினார்.

சரி, சிக்கல் எங்கே? கேபிளின் மறுமுனையில் அதன் இயல்பு மின்மறுப்புக்கு (கேபிளின் அமைப்பிலேயே உள்ள ஓம் மதிப்பு) சமமான சுமை இருந்தால்தான், 90 டிகிரி கேபிள் மின்னோட்டத்தின் அளவை மாற்றாமல் சரியாக 90 டிகிரி பிந்தவைக்கும். நம் ஆன்டெனாக்களோ பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றில் ஒன்று மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. தனியாக நின்றால் சுமார் 36 ஓம் காட்டும் கால் அலை ஆன்டெனாக்களில், ஜோடி சேர்ந்ததும் முந்துவது 21 ஓம், பிந்துவது 51 ஓம் என்று மின்தடை பிரிந்துவிடுகிறது. முந்துவதில் 20 ஓம் மின்தேக்கித் தன்மை, பிந்துவதில் அதே அளவு மின்தூண்டித் தன்மை வேறு. இந்த நிலையில் மின்னோட்டங்கள் சமமாகவும் இருக்காது, கட்டமும் (ஒன்றைவிட மற்றது பிந்தும் அளவு) 90 டிகிரி ஆகாது.

இதற்கான தீர்வுதான் எனக்கு ரேடியோவிலேயே மிகவும் பிடித்த விஷயம். கால் அலைக் கேபிளின் ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுத்தால், மறுமுனையில் பாயும் மின்னோட்டம் அந்த மின்னழுத்தத்தையும் கேபிளின் இயல்பு மின்மறுப்பையும் மட்டுமே பொறுத்தது. 50 ஓம் கேபிளுக்கு 100 வோல்ட் கொடுங்கள். மறுமுனையில் 2 ஆம்பியர் பாயும். அங்கே 21 ஓம் இருந்தாலும் 2 ஆம்பியர், 51 ஓம் இருந்தாலும் 2 ஆம்பியர்! சுமை என்ன அடம்பிடித்தாலும் கேபிள் கேட்காது. கேபிள் இழப்பு சொற்பமாக இருக்கும்வரை இது அப்படியே பொருந்தும். திறன் மட்டும் முதலாவதற்கு 84 வாட், இரண்டாவதற்கு 204 வாட் என்று தானாகவே பிரிந்துகொள்ளும்.

ஆகவே இரண்டு ஆன்டெனாக்களுக்குமே ஒவ்வொரு கால் அலைக் கேபிள் போடுங்கள். இப்போது கேபிள்களின் தொடக்கத்தில் சம அளவில், 90 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும், அவ்வளவே. ஒரு கம்பிச்சுருள், ஒரு கப்பாசிட்டர் கொண்ட சிறிய சுற்று அதைச் செய்துவிடும்.

அப்புறம் ரேடியல்கள், அதாவது ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் சுற்றிலும் பரப்பும் கம்பிகள். இரண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே நீளத்தில் தாராளமாகப் பரப்புங்கள். தரை இழப்பு ஒரு பக்கம் கூடினால் மேலே சொன்ன எண்களெல்லாம் நகர்ந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்டபிள்யூஆர் (கேபிளுக்கும் சுமைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண்) 1 என்று மீட்டர் காட்டிவிட்டால் எல்லாம் சரி என்பது ஹாம்களிடையே ஊறிப்போன மூடநம்பிக்கை. வெறும் 50 ஓம் மின்தடையும்தான் 1 காட்டும். ஒவ்வொரு ஆன்டெனாவின் அடியிலும் மின்னோட்டத்தையும் கட்டத்தையும் அளந்து பாருங்கள்.

நான்கு ஆன்டெனாக்களைச் சதுரமாக நட விரும்புபவர்கள் கேபிள் வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். சாதாரண பாலிஎத்திலீன் கேபிளில் அலை, ஒளியின் வேகத்தில் 66 விழுக்காடுதான் போகும்; கால் அலைக்கு வெட்டினால் 7 மீட்டர்தான். நான்கு கேபிள்களும் சதுரத்தின் நடுவில் சந்திக்க வேண்டும்; பக்கம் கால் அலை என்றால் மூலையிலிருந்து நடுவுக்கோ 7.5 மீட்டர். எட்டாது! நுரைக்காப்புக் கேபிள் வாங்கினால் 8 மீட்டருக்கு மேல் கிடைக்கும். இல்லையென்றால் முக்கால் அலை நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 21 மீட்டருக்கு, வெட்டிக்கொள்ளலாம். மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் வித்தை கால் அலையின் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாவற்றிலும் நடக்கும். நான்கையும் ஒரே நீளத்தில் வெட்டினால் போதும்.