பெட்டியில் தூங்கிய படச்சுருளும் நாடாவில் கரைந்த விண்கலமும்

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை இன்று பெரிய திரையில் பார்த்தால், கேப்டனின் சட்டைத் துணியில் ஓடும் இழை வரை தெரிகிறது. அதன் வாரிசாக 1987இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரோ, 2012 வரை கலங்கிய குட்டை நீருக்குள் பார்ப்பதுபோல மங்கலாகவே கிடைத்தது. இருபது ஆண்டுகள் மூத்தது தெளிவாகவும் இளையது மங்கலாகவும் இருந்ததற்குக் காரணம் கேமரா அல்ல. இரண்டையும் 35 மி.மீ. படச்சுருளில்தான் எடுத்தார்கள். தலைவிதி படத்தொகுப்பு அறையில் எழுதப்பட்டது.

1960களில் தொலைக்காட்சித் தொடரையும் திரைப்படம்போலவே முடித்தார்கள். நெகட்டிவை வெட்டினார்கள், ஒட்டினார்கள், தந்திரக் காட்சிகளையும் படச்சுருளிலேயே சேர்த்தார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் முழுமையான ஒரு நெகட்டிவ் மிஞ்சியது. அதை ஸ்கேன் செய்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

1987இல் இந்த வழக்கம் மாறியிருந்தது. ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 26 எபிசோடுகள். ஒவ்வொன்றிலும் பல விண்கலக் காட்சிகள். படச்சுருளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதித்துச் சேர்ப்பதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே எடுத்த நெகட்டிவை உடனே வீடியோ நாடாவுக்கு மாற்றினார்கள். வெட்டுவது, ஒட்டுவது, நிறம் திருத்துவது, கதிர் பாய்ச்சுவது என எல்லா வேலையும் நாடாவில் நடந்தது. வீடுகளில் இருந்த பெட்டிக்கு அது தாராளமாகப் போதும். யாரும் தவறு செய்யவில்லை.

ஆனால் அந்த நாடாவின் கொள்ளளவு மிகச் சிறியது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் மொத்தம் 525 கோடுகள். அவற்றில் படம் தெரிவது ஏறத்தாழ 480 கோடுகளில்தான். இதை டிஜிட்டல் கணக்கில் 720க்கு 480 என்று வைத்தால், ஏறத்தாழ மூன்றரை லட்சம் பிக்சல்கள். 1920க்கு 1080 என்ற உயர்தெளிவுப் படத்திலோ இருபது லட்சத்துக்கும் அதிகம். அதாவது ஆறு மடங்கு. நாடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. படச்சுருள் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும். அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்களைக் காட்டும். கணக்குச் சரியாக வர, ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் என்று மாற்றி மாற்றிப் பகிர்வார்கள். இதனால் பக்கத்துப் பிரேம்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நாடாவைப் பெரிதாக்கும் எந்த மென்பொருளும், செயற்கை நுண்ணறிவு உட்பட, இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறதே தவிர மீட்பதில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இருந்திருக்கலாம் என்று அது நினைத்தால் சுருக்கம் போடும். நடிகரின் உண்மையான சுருக்கம் எங்கே இருந்தது என்பது அதற்குத் தெரியாது. இவ்வகைப் பெருக்கத்தை 'மீட்டெடுப்பு' என்ற பெயரில் விற்பது எனக்கு ஏற்புடையதல்ல.

நல்ல வேளையாக, இந்தத் தொடருக்கு அரிசி மூட்டை கிடங்கில் பத்திரமாக இருந்தது. நாடாவுக்கு மாற்றியபின் நெகட்டிவை யாரும் தூக்கி எறியவில்லை. உரிமையாளரான சி.பி.எஸ். நிறுவனம் கிடங்கிலிருந்து எடுத்துவந்தவை ஏறத்தாழ 25,000 சுருள்கள். ஆனால் அவற்றில் எபிசோடு என்று எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் படப்பிடிப்பில் எடுத்த துண்டுகள்: ஒரே வசனத்தின் பல டேக்குகள், பல கோணங்கள், பயன்படாமல் போனவை. ஒளிபரப்பான பதிப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, எந்த டேக்கின் எந்தப் பிரேமில் வெட்டு விழுந்தது என்று தேடித் தேடி, 178 எபிசோடுகளையும் முதலிலிருந்து தொகுத்தார்கள். பழைய நிறத்திருத்தம் நாடாவோடு போய்விட்டதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறத்தையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

என்னை மிகவும் ஈர்ப்பது விண்கலக் காட்சிகளின் கதை. 'எண்டர்பிரைஸ்' கப்பலின் மாதிரி ஏறத்தாழ ஆறு அடி நீளமுள்ளது. பின்னர் நான்கடி நீளத்தில் இன்னொன்றும் செய்தார்கள். கணினி இயக்கும் கேமரா, அதன் முன்னால் ஒரே பாதையில் பலமுறை மெதுவாக நகரும். முதல் ஓட்டத்தில் கப்பலின் உடல் பதிவாகும். அடுத்த ஓட்டத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல்களின் வெளிச்சம் மட்டும். பிறகு எஞ்சினின் ஒளிர்வு மட்டும். இன்னோர் ஓட்டத்தில் கப்பலின் நிழலுரு. பின்னணி நட்சத்திரங்கள் கப்பலை ஊடுருவித் தெரியாமல் மறைப்பதற்கு அது தேவை. எல்லா ஓட்டங்களிலும் கேமரா இம்மியும் பிசகாமல் அதே பாதையில் போவதால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே கப்பலாகிவிடும்.

இந்த ஓட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் படச்சுருள். அன்று அவை நாடாவில்தான் சேர்க்கப்பட்டன. எபிசோடுகளை மங்கலாக்கிய அதே பழக்கம் இங்கே பெரிய நன்மை செய்திருக்கிறது. 1960களின் முறையில் படச்சுருளிலேயே சேர்த்திருந்தால், ஒவ்வொரு அடுக்கும் சேரும்போது பிரதிக்குப் பிரதி எடுக்க வேண்டும். துகள்களும் தூசியும் கூடிக்கொண்டே போகும். மூத்த தொடரில் நடிகர்கள் பளிச்சென்று இருக்க, கப்பல் பறக்கும் காட்சிகள் மட்டும் சொரசொரப்பாகத் தெரிவது இதனால்தான். அந்தக் காட்சிகளைத்தான் 2006இல் கணினி வரைகலையால் மாற்றினார்கள். பிறகு வந்த ப்ளூ-ரேயில் பழையது, புதியது இரண்டையும் தந்தார்கள். இளைய தொடரின் அடுக்குகளோ பிரதி எடுக்கப்படாத முதல் நெகட்டிவாகவே காத்திருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்தபோது, மூத்தவளிடம் இல்லாத துல்லியம் இளையவளுக்குக் கிடைத்தது. படம்பிடித்தவர்களே தங்கள் வேலையை அந்தத் தெளிவில் அதற்கு முன் எபிசோடில் பார்த்திருக்க முடியாது.

நாடாவிலேயே பிறந்த தந்திரங்களுக்கு மட்டும் நெகட்டிவ் இல்லை. ஆயுதக் கதிர், ஆளைக் கரைத்து அனுப்பும் ஒளித்தூறல், சில கோள்கள் போன்றவற்றைப் பழைய தோற்றத்தை ஒட்டிப் புதிதாகச் செய்தார்கள். மைக்கேல் ஒகூடாவும் டெனிஸ் ஒகூடாவும் இதற்கு ஆலோசகர்கள். கப்பலின் கட்டுப்பாட்டுத் திரைகளை முதலில் வடிவமைத்தவரே மைக்கேல் ஒகூடா என்பதால், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. ஓரிரு நொடிகள் ஓடும் சில துண்டுகளுக்கு எவ்வளவு தேடியும் நெகட்டிவ் கிடைக்கவில்லை. அங்கே மட்டும் நாடாவைப் பெரிதாக்கி ஒட்டினார்கள்.

படத்தை அகலத்திரைக்கு நீட்டாமல் 4க்கு 3 என்ற பழைய வடிவத்திலேயே விட்டதும் சரியான முடிவு. எல்லா ஷாட்டையும் அந்தச் சட்டத்துக்காகவே அமைத்திருந்தார்கள். நெகட்டிவின் ஓரங்களில் விளக்குத் தாங்கியும் அரங்கின் முடிவும் எட்டிப் பார்க்கும். முதல் பருவம் 2012 ஜூலையிலும் ஏழாவதும் கடைசியுமான பருவம் 2014 டிசம்பரிலும் ப்ளூ-ரேயாக வெளிவந்தன.

எல்லாத் தொடருக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. 1990களின் 'பாபிலன் 5' தொலைநோக்குடன் தொடங்கியது. நாளை அகலத்திரை வரும் என்று எண்ணி, நடிகர்கள் வரும் காட்சிகளை அதற்கு ஏற்றவாறு படச்சுருளில் எடுத்தார்கள். ஆனால் விண்வெளிப் போர்கள் முழுவதும் கணினி வரைகலை. தொடக்கத்தில் அமிகா கணினிகளில், தொலைக்காட்சிக்குத் தேவையான அளவில் மட்டுமே அவற்றை உருவாக்கினார்கள். அவற்றுக்குப் பின்னால் படச்சுருள் எதுவும் கிடையாது. டி.வி.டி. வந்தபோது அந்தக் காட்சிகளின் மேலும் கீழும் நறுக்கி அகலத்திரையாக்கினார்கள். ஏற்கெனவே குறைவாக இருந்த கோடுகள் இன்னும் குறைந்தன. 2021இல் வந்த புதிய பதிப்பு 4க்கு 3 வடிவத்துக்கே திரும்பியது. அதில் நடிகர்கள் நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்ட தெளிவோடு வருகிறார்கள். கப்பல்கள் பெரிதாக்கப்பட்ட மங்கலோடு பறக்கின்றன.

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' இன்னும் கடினமான நிலையில் இருந்தது. ஸ்டுடியோக் காட்சிகள் நேரடியாக வீடியோ நாடாவில் பதிவானவை; அவற்றில் உயர்தெளிவு என்பது எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை. 1970இல் வந்த ஒரு கதை மட்டும் விதிவிலக்கு. ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் நடந்ததால், அதை முழுவதும் வெளியிடங்களில் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அந்தத் தொடரின் பழைய கதைகளுள் உண்மையான உயர்தெளிவில் வெளிவரும் பேறு அதற்கே வாய்த்தது.

அதே தொடரில் நிறத்தை மீட்ட வேலை, தெளிவை மீட்டதைவிட வியப்பானது. 1970களின் தொடக்கத்தில் எடுத்த சில எபிசோடுகளின் வண்ண நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, ஒரு திரையில் ஓடவிட்டுப் படம்பிடித்த கருப்பு வெள்ளைப் படச்சுருள்களே மிஞ்சின. அப்படிப் படம்பிடித்தபோது வண்ணத் தகவலைச் சுமக்கும் சமிக்ஞையை வடிகட்டாமல் விட்டிருந்த இடங்களில், அது திரையில் மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்து படச்சுருளிலும் பதிந்துவிட்டது. பல காலம் அவை வெறும் அழுக்காகவே கருதப்பட்டன. பிறகு உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து, அந்தப் புள்ளிகளின் அமைப்பை மென்பொருளால் படித்து, அசல் நிறத்தையே வெளியே எடுத்தார்கள். 'தி மைண்ட் ஆஃப் ஈவில்' என்ற ஆறு பகுதிக் கதைக்கு இப்படித்தான் நிறம் திரும்பியது. அதன் முதல் பகுதியில் மட்டும் புள்ளிகள் இல்லாததால் அதற்குக் கையால் நிறம் தீட்டினார்கள். அது ஓவியரின் ஊகம்; மற்ற ஐந்தும் அன்று கேமரா கண்ட நிறங்கள்.

'ஸ்டார் ட்ரெக்' குடும்பத்தின் அடுத்த இரண்டு பிள்ளைகளான 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' இரண்டும் இன்னும் நாடாத் தெளிவில்தான் இருக்கின்றன. அவையும் 35 மி.மீ. படச்சுருளில் எடுத்து நாடாவில் முடித்தவை. பிற்காலப் பருவங்களில் கணினி வரைகலை பெருகியதால் வேலை இன்னும் கடினம், செலவும் பெரிது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரைப் பற்றி 2019இல் திரையரங்குகளுக்கு வந்த ஓர் ஆவணப்படத்துக்காக, அதன் சில காட்சிகளை நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தார்கள். சில நிமிடங்கள்தான் என்றாலும், முழுத் தொடரையும் மீட்பது தொழில்நுட்பத்தால் இயலக்கூடியதே என்று அவை காட்டிவிட்டன. அந்தத் தந்திரக் காட்சிகளை அமைத்தவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த அடுக்கை எதன்மேல் வைத்தோம் என்று அவர்களைக் கேட்டறியக்கூடிய இந்த ஆண்டுகளிலேயே அந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.