கறிவேப்பிலை தேய்ந்தது, காவடி தேயவில்லை

மொரீஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயி சந்தையில் கறிவேப்பிலை வேண்டுமென்றால் 'கரிபுலே' என்று கேட்க வேண்டும். நல்ல தமிழில் கேட்டால் கீரைக்காரர் முழிப்பார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் கடல் தாண்டி, பிரான்சின் ரீயூனியன் தீவுக்குப் போனால் அதே கொத்துக்குப் பெயர் 'கலுபிலே'.

ஒரே சொல் 2 தீவுகளில் 2 விதமாக ஏன் தேய்ந்தது?

மரபணு போலவே பண்பாட்டுக்கும் ஓர் அலகு உண்டு, அது தலைக்குத் தலை தாவிப் பெருகுகிறது என்று சொல்லி, 1976-ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அதற்கு 'மீம்' என்று பெயர் வைத்தார். (வடிவேலு முகத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதன் பேரப்பிள்ளை.) பிரெஞ்சு மானுடவியலாளர் டான் ஸ்பெர்பர் இதை ஒப்பவில்லை. கேட்பவர் ஜெராக்ஸ் எடுப்பதில்லை; காதில் விழுந்ததை வைத்துத் தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறார் என்றார். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல் பேசி வளரும் பிள்ளைக்குக் 'கறி' தெரியும், 'வேம்பு' தெரியாது. 'கரிபுலே'யில் தெரிந்தது தங்கியது, தெரியாதது நசுங்கியது; 'கலுபிலே'யில் கறியும் சேர்ந்து நசுங்கியது. இலை கைக்கு வந்துவிடுவதால் யாரும் திருத்தவும் இல்லை.

சரி, அப்படியானால் தைப்பூசக் காவடி ஏன் நசுங்கவில்லை? அங்கே தமிழ் மொழி போன தமிழர் வீடுகளிலும் விரதம் இருக்கிறது, அலகு குத்துவது இருக்கிறது, காவடியில் தொங்கும் பால் செம்பு இருக்கிறது.

2005-ல் ஆய்வாளர்கள் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் வெளியிட்ட சோதனை ஒன்று உதவும். பெட்டிக்குள் தின்பண்டம். அதை எடுத்துக் காட்டுபவர் நடுவே தேவையில்லாமல் குச்சியால் மேலே குத்துகிறார். பெட்டி உள்ளே தெரியாதபடி இருந்தபோது சிம்பன்சிகளும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரிந்ததும், குத்துவது வீண் என்று கண்டு அதை விட்டுவிட்டன. 3, 4 வயதுக் குழந்தைகளோ அப்போதும் விடாமல் குத்தினார்கள்!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சடங்கு பிழைப்பது இந்தக் குணத்தால்தான் என்பேன். கோயில் போய்ச் சேரும்வரை செம்புப் பால் திரியக் கூடாது என்பார்கள். ஏன் என்று கேட்கும் பையனுக்கு "அப்படித்தான்" என்று பதில் வரும். காரணம் தெரியாததால் எதைக் கழிப்பது என்றும் அவனுக்குத் தெரியாது, முழுதாகவே வாங்கிக்கொள்கிறான். போதாததற்குத் தெருவே நின்று பார்க்கிறது. முடிச்சு தவறினால் உடனே ஒரு பெரியவர் கை நீளும்.

காவடி இறங்கியதும் வாழையிலை போட்டு 7 கறி பரிமாறுவார்கள். அதன் பெயர் 'செட் கறி': எண் பிரெஞ்சு, கறி நம்முடையது.