“கர்ப்பிணிங்களுக்கு எடுக்கிற டெஸ்ட்தானே சார் இது?”

டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்த 26 வயதுக்காரர் சீட்டை நீட்டி இப்படிக் கேட்டார். வலது விதையில் கல் மாதிரி ஒரு கட்டி. வலி இல்லாததால் ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று பெயர்கள்: விதைப்புற்றுக்கு ரத்தத்தில் துப்புத் தேடும் டெஸ்ட்டுகள்.

கேட்டதில் தப்பில்லை. எச்சிஜி கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரப்பது. வீட்டில் கோடு பார்க்கும் கிட் தேடுவதும் அதைத்தான். ஏஎஃப்பி சிசுவின் ஈரலில் உண்டாகும் புரதம். பிறந்தபின் மளமளவென்று குறைந்துவிடும். வளர்ந்த ஆணுக்கு இவை ஏறினால் விதையைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். (ஈரல் நோயிலும் ஏஎஃப்பி ஏறும். மூன்றும் நார்மலாக இருந்தும் புற்று இருக்கலாம்.)

ஆபரேஷன் முடிந்து அவருடைய விதை என் மேஜைக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பில் செமினோமா என்ற வகை விதைப்புற்று: நடுவில் உருண்டைக் கரு, சுற்றிலும் வெளுப்பு, ஆஃப்பாயில்களை அடுக்கிவைத்த மாதிரி செல்கள். ஓசிடி3/4 என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தில் கருக்கள் பழுப்பாயின. இதே புரதம் சிசுவின் விதையில், பிற்பாடு விந்தணுவைத் தரவேண்டிய இளம் செல்களிலும் இருக்கும், பிறந்தபின் மறைந்துவிடும். மறையாமல் தங்கிய செல்களே வாலிபத்தில் புற்றாகின்றன என்பது இன்றைய புரிதல். புற்றுக்கு முந்தைய அந்தச் செல்களை 1972இல் விவரித்தவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கெபெக். விதை இறங்காமல் பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். “தானா இறங்கிடும்” என்று பாட்டி சொல்வது ஆறு மாதம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் இடித்தது. வெறும் செமினோமா ஏஎஃப்பியை ஏற்றாது, இவருக்கோ 310. மீதித் துண்டுகளையும் வெட்டிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் யோக் சாக் கட்டி, ஏஎஃப்பியைச் சுரக்கும் இன்னொரு வகைப் புற்று. அந்த 310 கையில் இல்லாதிருந்தால் செமினோமா என்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். சிகிச்சையே வேறு திசையில் போயிருக்கும். அதனால்தான் முன்கூட்டி ரத்தம் எடுக்காமல் விதையை மட்டும் டப்பாவில் போட்டு அனுப்பும்போது எனக்குக் கோபம் வரும். விதைப்பையில் ஊசி குத்தி சாம்பிள் எடுத்து அனுப்பினால் இன்னும் கோபம். புற்று என்ற சந்தேகம் இருந்தால் அடிவயிற்று மடிப்பு வழியாகத்தான் விதையை எடுக்க வேண்டும்.

புற்று முழுதாகப் போயிருந்தால் எச்சிஜி ஒன்றரை நாளுக்குள் பாதியாகும். ஏஎஃப்பிக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் பிடிக்கும். ஆறாவது வாரம் வந்தவர் சட்டைக் கையை அவரே மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஏஎஃப்பி இப்போ பத்துக்குக் கீழ வந்திருக்கணும், இல்ல சார்?” கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். சாயங்காலம் ரிப்போர்ட்டில் 4.