மாடிப்படியில் முதலில் தளர்வது தொடை

ஆறு நிமிட நடைப் பரிசோதனை முடிந்ததும் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். மூச்சு எவ்வளவு வாங்குகிறது? கால் எவ்வளவு சோர்ந்திருக்கிறது? கால்தான் முதலில் ஓய்ந்தது என்று சொல்பவர்கள் கணிசம்.

இளைப்புக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் முன்தொடைத் தசை மெலிகிறது. அதிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகள்தான் அதிகம் குறைகின்றன. அப்படிப்பட்ட தசையில் சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலம் சேர்கிறது. உடல் அதைச் சமன்செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது; அதை வெளியேற்ற மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. ஆக, கால் பலவீனமே இளைப்பைக் கூட்டுகிறது. இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும், தொடையைத் தேற்றாது. விறகடுப்புப் புகையிலேயே காலமெல்லாம் சமைத்து இந்நோய் கண்ட அம்மாக்களிடம் வீட்டார், "நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார்கள். அந்தப் பாசம் அவர்களை மேலும் முடக்கிவிடுகிறது.

வீட்டிலேயே தொடங்க ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து எழுங்கள். எழும்போது, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: மூச்சை அடக்கிக்கொண்டு எழுவார்கள், இரண்டாவது முறையிலேயே திணறுவார்கள். மூக்கால் மூச்சை இழுத்தபடி, மூன்று எண்ணி உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் தசைக்குப் பாதி வேலை போய்விடும். 8 முதல் 10 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம்.

நடையைத் துண்டுதுண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்றல். மொத்தம் 20 நிமிடம் பழகியபின் ஓய்வைக் குறைக்கலாம். 0 (இளைப்பே இல்லை) முதல் 10 (உச்ச இளைப்பு) வரையிலான அளவில் இளைப்பு 4 முதல் 6 வரை இருக்கட்டும். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த அளவு இளைப்பு ஆபத்தல்ல. உடனடி நிவாரண இன்ஹேலரை முன்கூட்டி எடுக்க டாக்டர் சொல்லியிருந்தால் 10–15 நிமிடம் முன்பே எடுங்கள். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ, நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தாலோ நிறுத்துங்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் எண்ணைத் தவறாகக் காட்டும்.

கைகளையும் விட்டுவிடக் கூடாது. கொடியில் துணி உலர்த்தும்போதும் தலைவாரும்போதும் மூச்சு முட்டக் காரணம், மூச்சுக்குத் துணைநிற்கும் தோள், கழுத்துத் தசைகள் கையைத் தூக்கப் போய்விடுவதுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே தொடக்கத்துக்குப் போதுமான எடை.

நோய் திடீரென முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தால் சில நாட்களிலேயே தசை கரையும்; ஸ்டீராய்டு மாத்திரை நீண்டால் இன்னும் மோசம். வீடு திரும்பிய நான்கு வாரத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை, அவர் அனுமதித்தால், பழைய எண்ணிக்கையில் பாதியோடு அதே நாற்காலியில் தொடங்கலாம்.