அஹுப்புவஅ: மலையில் தொடங்கிக் கடலில் முடியும் கூறு

ஹவாய்த் தீவுகளில் மிக அமைதியானது மொலோகாய். அதைப் பற்றி எதைப் படித்தாலும் அஹுப்புவஅ என்ற சொல் எதிரே வந்து நிற்கும். நிலப்படத்தில் இருக்கும், பத்திரத்தில் இருக்கும், மீன்பிடி உரிமை பற்றிய பேச்சில் இருக்கும். தமிழில் ‘நிலப்பிரிவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் சொல்லின் உயிர் அதில் வராது.

முதலில் உச்சரிப்பு. ஹவாய் மொழியில் இதன் ‘ப’ வல்லொலி. ‘அஹுபுவஅ’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் நம் வாயில் அது மெலிந்துவிடும், அதனால்தான் நடுவில் ‘ப்’ போட்டிருக்கிறேன். கடைசி ‘வ’வுக்கும் ‘அ’வுக்கும் நடுவே தொண்டையில் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு.

‘அஹு’ என்றால் கல் குவியல். ‘புவஅ’ என்றால் பன்றி. சேர்த்தால் பன்றிக் கற்குவியல். ஆண்டுதோறும் கார்த்திகை மீன் கூட்டம் அந்தி வானில் எழும்போது ஹவாயில் மகஹிக்கி என்ற அறுவடைக் காலம் தொடங்கும். லோனோ தெய்வத்தின் ஊர்வலம் தீவைச் சுற்றி வரும். ஒவ்வொரு நிலக்கூறின் எல்லையிலும் கற்களைக் குவித்து மேடை கட்டியிருப்பார்கள். அந்தக் கூறின் மக்கள் செலுத்தும் வரிப்பொருள் அங்கே வைக்கப்படும். பன்றியையே வைப்பதும் உண்டு, குக்குயி மரத்தில் செதுக்கிய பன்றித் தலையை வைப்பதும் உண்டு. எல்லையில் இருந்த அந்தக் குவியலின் பெயர்தான் பிறகு எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதுக்கும் ஆகிவந்தது.

சரி, அந்த நிலம் எப்படிப்பட்டது? மலை முகட்டில் தொடங்கும். ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். கடற்கரையோடு நிற்காமல் பவளப்பாறை வரை போகும். மேலே காடு, நடுவே சேம்பு வயல், கீழே மீன். மேட்டில் இருப்பவர் கிழங்கைக் கொடுத்து மீன் வாங்குவார். யாருக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மீனை எப்போது பிடிக்கக் கூடாது என்பதையெல்லாம் கொனோஹிக்கி என்ற பொறுப்பாளர் முடிவு செய்வார்.

மொலோகாயின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தீவு சுமார் 61 கி.மீ. நீளம், 16 கி.மீ. அகலம். மக்கள் ஏழாயிரம் பேர் அளவில். போக்குவரத்து சிக்னல் ஒன்றுகூடக் கிடையாது. கிழக்குப் பாதியில் காமாக்கோவு சிகரம் 1,512 மீட்டர் உயரத்தில் மழையை வாங்கிக்கொள்கிறது. அதன் வடபுறம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலில் சரிந்து விழுந்ததால், இன்று அங்கே நிற்பவை சுமார் 1,000 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைகள். தென்புறமோ மெல்லச் சரிந்து ஆழமில்லாத கடலில் இறங்குகிறது. ஓடைகள் நிறைந்த கிழக்கில் கூறுகள் குறுகலானவை. வறண்ட மேற்கில் கலுவகோய் என்ற ஒரே கூறு பெரும் பரப்பை விழுங்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் பிழைக்க நிலம் கூடுதலாக வேண்டுமல்லவா!

தென்கரையின் மீன்குளங்களைப் பார்க்காமல் இந்தச் சொல் முழுதாகப் புரியாது. கரையிலிருந்து கடலுக்குள் அரைவட்டமாக ஒரு கல்சுவர். எரிமலைக் கல்லும் பவளத் துண்டும் அடுக்கியது, சாந்து கிடையாது. அலை மோதினால் தண்ணீர் இடுக்குகளின் வழியே கசியும், சுவர் நிற்கும். சுவரில் மரக்குச்சிகளை நெருக்கிக் கட்டிய மதகு இருக்கும். மடவை, பால்மீன் குஞ்சுகள் அந்த இடைவெளியில் உள்ளே நுழையும். உள்ளே பாசியைத் தின்று கொழுத்தபின் வெளியேற முடியாது. கடல் ஏறி மதகு வழியே புதுத்தண்ணீர் வரும்போது பெரிய மீன்கள் அங்கே வந்து மொய்க்கும், அப்போது வலை போட்டால் போதும். அந்தப் பாசி வளர மலையிலிருந்து நன்னீர் வந்து உப்பைத் தணிக்க வேண்டும். அதனால் மேலே காடு அழிந்தால் கீழே குளம் அழியும்.

அதுதான் நடந்தது. 1860களில் ஹவாயை ஆண்ட ஐந்தாம் கமெஹமெஹா மன்னருக்கு ஹாங்காங்கிலிருந்து புள்ளிமான்கள் பரிசாக வந்தன. நம் காடுகளில் திரியும் அதே மான்தான். அங்கே அவற்றைத் தின்ன புலி இல்லை. மான்களும் ஆடுமாடுகளும் சரிவுகளை மொட்டையாக்க, மழையில் செம்மண் கரைந்து வந்து குளங்களையும் பவளப்பாறையையும் மூடியது. இன்றும் மொலோகாயில் மீன்குளத்தைச் சீரமைக்க விரும்புகிறவர்கள் மலையில் வேலி போடுவதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

அரசின் கையாலும் கூறுகள் உடைந்தன. 1848இன் மாஹெலே நிலப்பிரிவினையில் அஹுப்புவஅக்கள் தனிச் சொத்தாயின. தொழுநோயாளர்களை 1866 முதல் ஒதுக்கிவைத்த கலாவுபப்பா தீபகற்பத்தை உலகம், நோயாளர்களுக்குத் தொண்டு செய்ய 1873இல் அங்கே வந்த டேமியன் பாதிரியாரால் அறியும். ஆனால் அது கலாவுபப்பா, மக்கனலுவா, கலவாவோ என்ற மூன்று கூறுகளாக இருந்த இடம். அங்கே பயிர் செய்துகொண்டிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சொல் மட்டும் சாகவில்லை. 1978இல் திருத்தப்பட்ட ஹவாய் மாநில அரசியலமைப்பு, அஹுப்புவஅ குடியிருப்பாளர்களான பூர்வகுடி வழித்தோன்றல்களின் மரபுரிமைகளைக் காப்பதாக இந்தச் சொல்லையே எழுதிச் சொல்கிறது.

இனி தமிழ். ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ பலர் கைக்கு முதலில் வரும் சொல். அது தண்ணீரை மட்டும் சொல்கிறது, மனிதரும் பவளப்பாறையும் விட்டுப்போகின்றன. எல்லா அஹுப்புவஅவும் நீர்ப்பிரிமேட்டைப் பின்பற்றுவதும் இல்லை. ‘திணை’யும் ஆகாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று திணை நிலத்தை வகைப்படுத்துகிறது. அஹுப்புவஅ அந்த வகைகளுக்குக் குறுக்கே வெட்டி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சோழர் கல்வெட்டுகளின் ‘கூற்றம்’ நெருங்கி வருகிறது, ஆவூர்க் கூற்றம் போல. ஆனால் கூற்றத்துக்குள் பல ஊர்கள் அடங்கும். பல அஹுப்புவஅக்கள் சேர்ந்த ‘மொக்கு’ என்ற பெரிய பிரிவுக்கு அது பொருந்தும்.

அதன் வேரான ‘கூறு’ என்பதையே எடுத்து, இரு முனைகளையும் முன்னால் சேர்த்தால் ‘மலைகடற்கூறு’. பங்கு என்ற பொருளும் இருக்கிறது, நிலத்தின் கிடப்பும் தெரிகிறது. கட்டுரையிலும் பாடநூலிலும் ‘ஹாலவா மலைகடற்கூறு’, ‘உவலபுவே மலைகடற்கூறு’ என்று தயங்காமல் எழுதலாம். சட்டம், பத்திரம், உரிமை பற்றி எழுதும்போது மட்டும் அஹுப்புவஅ என்றே வைத்து, முதல் இடத்தில் தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் தருவது நல்லது. அங்கே அது ஒரு மக்களின் உரிமைப் பெயர்.