தானிய இயந்திரத்திலிருந்து வந்த பனி வண்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ரோசோ என்றொரு சிற்றூர். 1955-56 குளிர்காலத்தில் எட்கர் ஹெட்டீன் அங்கிருந்து வெளியூர் போயிருந்தார். அந்த இடைவெளியில் அவருடைய கூட்டாளி டேவிட் ஜான்சன், பட்டறை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பனியில் ஓடும் ஒரு வண்டியைச் செய்து முடித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்த எட்கருக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலிலும் நியாயம் இருந்தது. எட்கர், அவர் தம்பி ஆலன், டேவிட் மூவரும் நடத்திய போலாரிஸ் கம்பெனி விவசாயக் கருவிகள் செய்வது. வைக்கோல் வெட்டும் இயந்திரம் அவர்களுடைய முக்கியமான சரக்கு. குளிர்காலத்தில் அதை யாரும் வாங்கமாட்டார்கள், பணப்புழக்கமும் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில், வேட்டைக்குப் போக வசதியாக இருக்கும் என்று ஒரு விளையாட்டு வண்டியா? ஆனால் சம்பளம் போடப் பணம் வேண்டும். ஊர் மரக்கடைக்காரர் 465 டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். சரி, விற்கிறதே என்று அடுத்ததையும் செய்தார்கள்.

அந்த முதல் வண்டியில் புதிதாகக் கண்டுபிடித்த பாகம் என்று எதையும் காட்ட முடியாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் ஒன்று. முன்னால் சறுக்குவதற்குச் செவர்லே காரின் பம்பர். அடியில் சுழலும் பட்டைக்கு, தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் கன்வேயர். இந்தக் கடைசிப் பாகத்தில்தான் விஷயமே இருக்கிறது. எலிவேட்டரில் இயந்திரம் ஒரே இடத்தில் நிற்கும், குறுக்குச் சட்டங்கள் தானியத்தை வாரிக்கொண்டு போகும். அதையே தரையில் படுக்க வைத்துச் சுழற்றினால், சட்டங்கள் பனியை வார முயலும். பனி அசைந்து கொடுக்காவிட்டால் இயந்திரம்தானே நகர்ந்தாக வேண்டும்? விவசாய இயந்திரம் செய்கிறவர்களுக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

பனி அசைந்து கொடுக்காமல் இருக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீட்டர் பனி 100 கிலோகூட இல்லாமல் இருக்கலாம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது அவ்வளவு எடையும் ஒரு பாதத்தில் இறங்குகிறது. பாதத்தின் பரப்பை 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 375 கிராம். ஆள் முழங்கால் வரை புதைந்துவிடுவார். இப்போது வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 330 கிலோ என்று கொள்வோம். தரையில் படியும் பட்டை மட்டும் சுமார் 5,000 சதுர சென்டிமீட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் 66 கிராம்தான் வருகிறது. முன் சறுக்குப் பலகைகளும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் இன்னும் குறைவு.

மிதந்தால் போதாது, பிடிப்பும் வேண்டும். கார் சக்கரம் ஒரு சிறிய இடத்தில் பனியை அழுத்தி, வழுக்கி, குழி தோண்டிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிடும். பட்டையின் குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் ஒரு கட்டிப் பனியைச் சிறைப்படுத்துகிறது. மேலிருந்து வரும் எடை அதை இறுக்குகிறது. இறுகிய பனித்துகள்கள் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி உறுதியாகும். ஆக, வண்டி தான் உதைத்து நகர வேண்டிய தரையைத் தானே கெட்டியாக்கிக்கொண்டு போகிறது. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பனி வண்டி செய்தவர்களில் இவர்கள் முதல் ஆட்கள் இல்லை. விஸ்கான்சினைச் சேர்ந்த கார்ல் எலியசன் 1927-லேயே தன் மோட்டார் சறுக்கு வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கியூபெக்கில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1930களிலேயே ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகளை விற்றார். 1959-ல் அவர் கொண்டுவந்த சிறிய ஸ்கீ-டூவில் எஞ்சின் முன்னால் இருந்தது. போலாரிஸின் ஆரம்ப வண்டிகளில் அது பின்னால். எடை பின்னால் இருந்தால் பட்டைக்கு நல்ல அழுத்தம் கிடைக்கும், ஆனால் முன் பலகைகள் லேசாகி, திருப்பினால் திரும்பாது. முன்னால் வைத்தால் நன்றாகத் திரும்பும், ஆழமான தூள் பனியிலோ மூக்கு புதையும். இந்த இழுபறி வடிவமைப்பாளர்களை விட்டுப் போகவில்லை. என்றாலும் 1960களின் நடுவில் போலாரிஸும் எஞ்சினை முன்னால் நகர்த்தியது.

அதற்குள் எட்கர் அங்கே இல்லை. எரிச்சல்பட்ட அதே மனிதர் 1960 மார்ச்சில், இந்த வண்டிகளை நம்பலாம் என்று காட்டுவதற்காக, அலாஸ்காவில் பெத்தலிலிருந்து ஃபேர்பேங்ஸ் வரை ஆயிரம் மைலுக்கு மேல் மூன்று பேருடன் ஓட்டிப் போனார். கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மனக்கசப்போடு விலகிய அவர், அதே மாநிலத்தில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஊரில் இன்னொரு கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஆர்க்டிக் கேட். ஆக, போட்டிக் கம்பெனிகள் இரண்டுக்கும் ஒரே ஆள் ஸ்தாபகர்!

இன்றைய வண்டிகளில் கியர் மாற்றும் வேலை கிடையாது. நம் ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ள அதே ஏற்பாடுதான்: இரண்டு புல்லிகள், நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லியில் உள்ள எடைகள் வெளியே தள்ளப்பட்டு அதன் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பின் புல்லி அதற்கேற்ப அகன்று கொடுக்கிறது. பனியில் இது சொகுசுக்காக மட்டும் இல்லை. கியர் மாற்ற ஒரு நொடி விசையைத் துண்டித்தாலே ஆழமான பனி வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும், மறுபடி கிளப்புவது பெரும் பாடு.

அப்புறம் ஒரு வேடிக்கை. பட்டை இப்போது ரப்பரில் வருகிறது. அது உள்பக்கம் நீண்ட பிளாஸ்டிக் கீற்றுகள்மேல் வழுக்கிக்கொண்டு சுழலும். கீற்றுகளுக்கு மசகு எண்ணெய் கிடையாது. உள்ளே தெறிக்கும் பனிதான் மசகு, அதுவே குளிரூட்டியும். நீரால் குளிரும் எஞ்சின்கள் பலவற்றிலும், பட்டை வாரி இறைக்கும் பனிதான் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெறும் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும், கீற்றுகள் உருகத் தொடங்கும்.