ஆக்சஸ்: அனுமதியா, அணுக்கமா?

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் இளைஞர்கள் அன்றாடம் சொல்லும் சொல் 'ஆக்சஸ்'. கிளவுட் தரவுத்தளத்துக்கு ஆக்சஸ் வரவில்லை என்பதைத் தமிழில் எழுத நேர்ந்தால், பெரும்பாலோர் 'அனுமதி கிடைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை என்பது மட்டுமன்று, கோளாறு எங்கே இருக்கிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

ஆக்சஸ் என்பதன் மூலம் இலத்தீன். 'நோக்கி' என்னும் முன்னொட்டும் 'செல்' என்னும் வினையும் சேர்ந்து உருவான அச்சொல்லுக்கு, நெருங்கிச் செல்லுதல் என்பதே முதற்பொருள். தமிழில் அதே பொருள் 'அணுகு' என்னும் வினையில் இருக்கிறது. அண்மை அதற்கு உறவுச்சொல். அதன் வழி வந்த 'அணுக்கம்' காவிரிக் கரைக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் கேரளாந்தகன், இராசராசன் என்னும் இரு கோபுர வாயில்களோடு 'அணுக்கன் திருவாயில்' என்னும் வாயிலும் உண்டு. திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்த பரவை நங்கையாரை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு 'அணுக்கியார்' என்றே குறிப்பிடுகிறது. யார் எதுவரை நெருங்கலாம் என்னும் வரையறை இச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால், இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் வேண்டியதில்லை என்பது என் துணிபு.

அனுமதி வேறு. மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கருக்கு, அதைத் திறக்க உத்தரவு வந்திருந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலோ வயலின் மடை அடைபட்டிருந்தாலோ பயிருக்குத் தண்ணீர் வராது என்பது டெல்டா உழவர் அறிந்ததே. தரவுத்தளச் சேவையிலும் அவ்வாறே, கணக்கின் நிர்வாகி பயனருக்கு ஒரு பங்கை (ரோல், அதாவது உரிமைகளின் தொகுப்பை) ஒதுக்கித் தருவது அனுமதி. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இணைப்புக்காக வழக்கமாகக் காத்திருக்கும் 5432 என்னும் வாயில் (போர்ட்) நம் வலையமைப்புக்குத் திறந்திருப்பது வழி. தரவுத்தளத்துக்குள் குறிப்பிட்ட அட்டவணையை வாசிக்கும் உரிமை தனி. மூன்றும் கூடியபோதுதான் அணுக்கம் கைகூடுகிறது.

'மேனேஜ்டு அக்கவுண்ட்' என்பதை 'மேலாண்மைக் கணக்கு' என்று பெயர்ப்பதும் தவறு; அது ஆளும் கணக்கைக் குறிக்கும், ஆளப்படும் கணக்கையன்று. 'நிர்வகிக்கப்படும் கணக்கு' என்பதே தெளிவு. கணக்கு மட்டுமன்றிச் சேவையும் பிறர் நிர்வகிப்பதாக இருந்தால் அணுக்கத்துக்கு மேலும் ஓர் எல்லை உண்டு: அமேசான் நிர்வகித்துத் தரும் ஆர்டிஎஸ் என்னும் தரவுத்தளச் சேவையில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நாமே உருவாக்கினாலும், அதன் தலைமைப் பயனருக்கு எல்லாக் கட்டுப்பாடுகளையும் கடக்கும் முழுமையான சூப்பர்யூசர் உரிமை வழங்கப்படுவதில்லை.

ஆகவே நிர்வாகிக்கு எழுதும்போது, 'அனுமதி தருக' என்று நிறுத்தாமல், 'விற்பனைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளை வாசிக்க மட்டும், இந்த வலையமைப்பு முகவரியிலிருந்து, 30 நாள்களுக்கு அணுக்கம் வேண்டும்' என்று எழுதலாம்.